டியூப் லைட்டுக்கு அப்பால்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டு விளக்குகள் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்ததில் பெரும்பகுதி கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கேள்விகள். நானும் புதுச்சேரிதான் என்பதால் இந்த இதழை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன், மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புது வீட்டு ஹால் 16-க்கு 12 அடி. ஃபால்ஸ் சீலிங்கில் 12 வாட் டவுன்லைட் பத்து போட்டுக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் போட்டால் நகைக்கடைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கழற்றிவிடலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

கழற்ற வேண்டாம், முதலில் கணக்கைப் பாருங்கள். 12 வாட் எல்.இ.டி. ஒன்று ஏறக்குறைய 1000 லூமன் வெளிச்சம் தரும், அப்படியென்றால் பத்துக்கு 10,000 லூமன். உங்கள் ஹால் சுமார் 18 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 550 லூமன் வருகிறது, அதைத்தான் லக்ஸ் என்கிறார்கள். அலுவலக மேசைக்கு வைக்கிற அளவே 500 லக்ஸ்தான். வீட்டு ஹாலுக்குப் பொதுவான வெளிச்சமாக 100 முதல் 150 லக்ஸ் போதும், புத்தகம் படிக்கிற இடத்தில் மட்டும் 300 இருந்தால் நல்லது. தரைக்கு வருவதற்குள் கொஞ்சம் வீணாகும் என்று கழித்தாலும் உங்கள் ஹாலில் தேவையைப் போல இரண்டு மூன்று பங்கு கொட்டுகிறது.

இரண்டாவது, நிறம். அட்டைப்பெட்டியில் 6500 கே என்று போட்டிருக்கும், கே என்றால் கெல்வின். எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகும், இறங்க இறங்க மஞ்சளாகும். பழைய குண்டு பல்ப் 2700 பக்கம். நம் ஊர்க் கடைகளில் பல்ப் என்று மட்டும் கேட்டால் 6500-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் டியூப் லைட் வந்த காலத்திலிருந்தே வெள்ளையாக, பளிச்சென்று எரிந்தால்தான் வீட்டுக்குக் களை என்று பழகிவிட்டோம். மஞ்சள் வெளிச்சம் ஏழ்மைக்கு அடையாளம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. 6500-இல் மனிதர்களின் முகமும் வெளுக்கிறது, மரச்சாமானும் செத்துப்போகிறது, செட்டிநாட்டுக் கல் பதித்த தரைகூட ஆஸ்பத்திரித் தரை மாதிரி ஆகிவிடுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சில டவுன்லைட்கள் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் நிறம் மாறுகிற வகையாக இருக்கும், சோதித்துப் பாருங்கள். அப்படியிருந்தால் செலவே இல்லை. இல்லையென்றால் நான்கை மட்டும் 3000 கெல்வினாக மாற்றி, அந்த நான்கையும் தனி ஸ்விட்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மீதி ஆறும் விருந்தாளி வரும்போதும் வீடு பெருக்கும்போதும் எரியட்டும். அப்புறம் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளோர் லேம்ப், எதிர் மூலையில் ஸ்டூல் மேல் ஒரு டேபிள் லேம்ப். உட்கார்ந்தால் லேம்ப் ஷேடின் கீழ் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு மேலே போனால் பல்ப் கண்ணில் குத்தும். வெளிச்சம் மேலிருந்து மட்டும் விழுந்தால் எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே நிழல் கட்டும். பக்கத்திலிருந்து, தாழ்வாக வந்தால்தான் அறையில் உட்காரத் தோன்றும். இந்தப் பத்தியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்சை ஆஃப் பண்ணிய பிறகும் எங்கள் படுக்கையறை எல்.இ.டி. பல்ப் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. அம்மா பயப்படுகிறார்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பேய் இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் ஸ்விட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா? அது எரிவதற்காகப் போகிற துளி கரண்ட் பல்பு வழியாகத்தான் போகும், குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் போட்டால் சரியாகிவிடும். இண்டிகேட்டரே இல்லாமல் இப்படி எரிந்தால் ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில் இல்லாமல் நியூட்ரல் ஒயரில் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. அது ஆபத்து. ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரில் கை வைத்தால் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிடுங்கள், நீங்களே திறந்து பார்க்க வேண்டாம்.

காசைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லுங்கள், உங்களுக்கு ஆசையான விளக்குகள் எவை?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் அகாரி என்ற காகித விளக்கு. ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் ஜப்பானின் கிஃபு நகரத்துக்குப் போகிறார். அங்கே நகாரா ஆற்றில் நீர்க்காகங்களை வைத்து இரவில் மீன் பிடிப்பார்கள், அந்த ஊரில் காகித விளக்குகள் செய்வது பரம்பரைத் தொழில். தொழில் நலிந்து கிடக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று ஊர் மேயர் கேட்க, நொகுச்சி மூங்கில் விலா எலும்பின் மேல் முசுக்கொட்டை மரப்பட்டைக் காகிதத்தை ஒட்டி, உள்ளே மின் பல்பு வைத்து விளக்குகளை வடிவமைக்கத் தொடங்கினார். மடித்தால் தட்டையாகிவிடும். நூறு வகைக்கு மேல் செய்தார். இன்று எந்தக் கடையில் உருண்டைக் காகித விளக்கைப் பார்த்தாலும் அது இவருடைய விளக்கின் பேரனோ கொள்ளுப்பேரனோதான். நல்ல காகிதம் வெளிச்சத்தை மறைப்பதில்லை, தானே வெளிச்சமாகிவிடுகிறது, அதனால் எனக்கு இது முதலிடம்.

இரண்டாவது டென்மார்க்கின் பால் ஹென்னிங்சன் 1958-இல் வடிவமைத்த பி.எச்.5. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற விளக்கு, தட்டுத் தட்டாக அடுக்கிய உலோக ஷேடுகள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது, ஆனால் மேசை முழுக்க வெளிச்சம். அந்தப் பெயரில் உள்ள 5, பெரிய ஷேடின் 50 சென்டிமீட்டர் விட்டத்தைக் குறிக்கிறது. சிறுவயதில் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்த மனிதர், மின்விளக்கு கண்ணைக் கூச வைக்கிறதே என்று ஆயுள் முழுக்க அதையே சரிசெய்துகொண்டிருந்தார். இவருடைய விளக்கை நம்மால் வாங்க முடியாவிட்டாலும் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்: பல்பு தெரியக் கூடாது. கண்ணாடிக் குடுவைக்குள் இழை தெரிய எரிகிற எடிசன் பல்பு இப்போது காபிக் கடைகளில் எல்லாம் தொங்குகிறதே, அதை வீட்டில் மாட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. புகைப்படத்தில் அழகு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் தலைவலி.

மூன்றாவது மேசை விளக்கு. ஜார்ஜ் கார்வர்டைன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், கார்களின் சஸ்பென்ஷன் வேலை செய்தவர், 1930-களில் ஸ்பிரிங்குகளை வைத்து ஆங்கிள்பாய்ஸ் விளக்கைக் கண்டுபிடித்தார். இழுத்த இடத்தில் நிற்கும். இன்று மடக்கி நீட்டுகிற எந்தப் படிப்பு விளக்கை வாங்கினாலும் உள்ளே இருப்பது அந்த யோசனைதான்.

நம் பக்கத்துக்கு வந்தால், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலையின் காகிதத்தில் செய்த லேம்ப் ஷேடு, பூவிதழ் பதித்தது என்றால் இன்னும் விசேஷம். 1959 முதல் இங்கே கைக்காகிதம் செய்கிறார்கள், நொகுச்சியின் காகிதத்துக்கு ஏங்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஆறுதல். அப்புறம் ஒன்று, வாங்க முடியாதது: ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளறை. கூரையில் உள்ள ஹீலியோஸ்டாட் என்ற திரும்பும் கண்ணாடி சூரியனைப் பின்தொடர்ந்து ஒரே ஒரு கதிரை நேர்கீழாக இறக்குகிறது, அது நடுவில் உள்ள 70 சென்டிமீட்டர் கண்ணாடிக் கோளத்தில் விழுந்து அறை முழுக்கப் பரவுகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைத் தூண்கள், ஒரு கோளம், அவ்வளவுதான். பல்பு இல்லாத விளக்கு என்று அதைச் சொல்லலாம் என்றால், இந்த வட்டாரத்திலேயே ஆகச் சிறந்த விளக்கு அதுதான் என்பது என் கட்சி.

கடற்கரையிலிருந்து நாலு தெரு. ஆசை ஆசையாக வாங்கிய தங்க நிறத் தொங்கு விளக்கு ஒரே வருஷத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்துவிட்டது. எங்களுக்கு எது தாங்கும்?
– வாசகி, வைத்திக்குப்பம், புதுச்சேரி

நீங்கள் வாங்கியது தங்க நிற முலாம் பூசிய இரும்பு. காற்றில் வருகிற உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூச்சில் எங்காவது ஊசி முனையளவு விட்டுப்போயிருந்தாலும் அங்கே துரு ஆரம்பித்து உள்ளுக்குள்ளேயே ஓடும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பித்தளை என்று சொல்வதில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு, பேச்சே வேண்டாம். ஒட்டவில்லை என்றாலும் துத்தநாகக் கலவையாக இருக்கலாம், கையில் தூக்கிப் பாருங்கள், அடியில் பூச்சில்லாத இடம் என்ன நிறம் என்று பாருங்கள்.

கடலோரத்துக்குப் பித்தளையும் செம்பும் நல்லவை. நிறம் மங்கும், பச்சை பூக்கும், ஆனால் ஓட்டை விழாது. புளி போட்டுத் தேய்த்தால் பழையபடி வந்துவிடும், ஒரு எச்சரிக்கை: லாக்கர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு பூசிய பித்தளையில் புளி, சபீனா, பீதாம்பரி எதையும் வைக்காதீர்கள், திட்டுத் திட்டாகிவிடும், ஈரத்துணி போதும். எவர்சில்வரிலும் சாதாரண 304 ரகம் பழுப்புப் புள்ளி வாங்கும், 316 ரகம் தாங்கும், ஆனால் விளக்குக் கடையில் 316 என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கண்ணாடி, பீங்கான், சுடுமண் மூன்றுக்கும் உப்பு ஒரு பொருட்டே இல்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு, ஊருக்குள்ளேயே இருக்கிறது. துளைகள் போட்ட சுடுமண் விளக்கைச் சுவரோரம் வைத்து உள்ளே ஒரு 5 வாட் வார்ம் (மஞ்சள் வெளிச்ச) பல்பு போட்டால் சுவர் முழுக்கக் கோலம் விழும். பிரம்பும் மூங்கிலும் துருப்பிடிக்காது, ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும், வெயில் வந்ததும் எடுத்துக் காய வையுங்கள்.

விளக்கு எதுவாக இருந்தாலும் முதலில் போவது ஹோல்டரும் திருகுகளும்தான். பீங்கான் ஹோல்டர், பித்தளைத் திருகு என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மொட்டை மாடி, வாசல், பால்கனிக்கு வாங்கும்போது அட்டையில் ஐ.பி. 65 என்று போட்டிருக்கிறதா பாருங்கள், தூசி புகாது, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று பொருள். மழைச்சாரல் மட்டும் படுகிற தாழ்வாரத்துக்கு ஐ.பி. 44 போதும்.

ஃபேன் ஓடும்போது அறை முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டிப் போகிறது. பல்பு கோளாறா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

இல்லை. விளக்கு ஃபேன் இறக்கைக்கு மேலே இருக்கிறது, இறக்கையின் நிழல் விழுகிறது. விளக்கைச் சுவருக்குத் தள்ளுங்கள், அல்லது ஃபேனை விடத் தாழ்வாகச் சுவரில் மாட்டுங்கள்.

பாரிஸில் இருக்கிற சித்தப்பா அங்கிருந்து ஒரு பழைய டேபிள் லேம்ப் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இங்கே எரியுமா? பிளக் ஆட்டம் கொடுக்கிறது.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

புதுச்சேரியில் பாதி வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கும்! தாராளமாக எரியும், அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். ஆட்டம் கொடுக்கக் காரணம், பிரெஞ்சு பிளக்கின் குச்சிகள் நம் சாக்கெட்டின் துளையைவிடக் கொஞ்சம் ஒல்லி. அப்படியே செருகி வைத்தால் தீப்பொறி பறந்து சாக்கெட் கருகும். பிளக்கை வெட்டிவிட்டு நம் மூன்று முள் பிளக்கைப் போடச் சொல்லுங்கள், உலோக உடம்பு விளக்கென்றால் எர்த் ஒயர் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். ஒயர் துணி சுற்றியதாக, விரலால் மடித்தால் உதிர்வதாக இருந்தால் முழு ஒயரையும் மாற்றிவிட வேண்டும், பாசத்தைப் பார்க்காதீர்கள். ஹோல்டர் திருகு வகையென்றால் இ27, சின்னதென்றால் இ14, இரண்டுக்கும் எல்.இ.டி. இங்கேயே கிடைக்கிறது. பழைய பிரெஞ்சு விளக்குகளில் நம் ஊர் மாதிரியே இரண்டு முள் வைத்த பி22 ஹோல்டரும் உண்டு, அப்படி அமைந்தால் தெருமுனைக் கடை பல்பே போதும். அமெரிக்காவிலிருந்து வருகிற விளக்கு வேறு கதை, அங்கே 120 வோல்ட், அந்த பல்பை இங்கே போட்டால் போயிற்று.

பாட்டியின் பெரிய குத்துவிளக்கு சும்மா இருக்கிறது. நடுவில் துளை போட்டு ஒயர் இழுத்து மின்விளக்காக மாற்றலாமா?
– வாசகி, பண்ருட்டி

கூடாது. குத்துவிளக்கு அடி, தண்டு, அகல், மேலே பிரபை என்று தனித்தனியாக வார்த்துத் திருகிச் சேர்ப்பது, நன்றாக வார்த்த விளக்கில் துளை போட்டால் பிறகு அது எண்ணெய் தாங்காது, விற்றாலும் எடைக்குத்தான் போகும். விளக்கை அப்படியே மூலையில் நிறுத்தி, பின்னால் தரையில் சின்ன வார்ம் ஸ்பாட் லைட் ஒன்றைச் சுவரை நோக்கி வையுங்கள். விளக்கின் உருவம் சுவரில் எழுந்து நிற்கும், வெள்ளிக்கிழமை எண்ணெய் ஊற்றியும் ஏற்றிக்கொள்ளலாம்.

வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். கையில் இருப்பது மூவாயிரம் ரூபாய். எங்கே தொடங்குவது?
– வாசகர், ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

பல்பிலிருந்து தொடங்குங்கள், விளக்கிலிருந்து அல்ல. இருக்கிற எல்லா 6500-ஐயும் 3000-க்கு மாற்றினாலே வீடு மாறிவிடும், போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். சமையலறையில் மட்டும் 4000, காய்கறி நிறம் தெரிய வேண்டும். அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருந்தால் 90-க்குப் பக்கம் உள்ளதை எடுங்கள், புடவை நிறமும் சாம்பார் நிறமும் உள்ளபடி தெரியும்.

மீதிப் பணத்தில் மேசையில் கவ்வுகிற கிளிப் விளக்கு ஒன்று, ஒயரும் பிளக்கும் சேர்ந்து வருகிற காகித உருண்டை விளக்கு ஒன்று. உருண்டையை ஜன்னல் கம்பியிலோ அலமாரி முனையிலோ தொங்கவிடலாம். காகிதத்துக்குள் 7 வாட் எல்.இ.டி.க்கு மேல் போகாதீர்கள், குண்டு பல்பு கூடவே கூடாது, பற்றிக்கொள்ளும். விளக்கின் அடிப்பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றுங்கள், பழைய கூஜா, ஜாடி ஏதாவது அகப்படும். பேரம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனால் உத்தமம்.

புயல் வந்தால் நாள் கணக்கில் கரண்ட் இருப்பதில்லை. அழகாகவும் இருக்க வேண்டும், அவசரத்துக்கும் உதவ வேண்டும், அப்படி எதையாவது சொல்லுங்கள்.
– வாசகி, கடலூர் முதுநகர்

2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் அடித்ததையும் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். அரிக்கேன் விளக்கு வாங்குங்கள். அதன் இரண்டு பக்கமும் வளைந்து போகிற குழாய்கள் அலங்காரமில்லை, மேலே உள்ள காற்றைக் கீழே திரிக்குக் கொண்டுவருகிற வழி, அதனால்தான் காற்றடித்தாலும் சுடர் அணையாது. மற்ற நாட்களில் உள்ளே பேட்டரி மெழுகுவத்தி வைத்துத் திண்ணையில் தொங்கவிடலாம். எண்ணெய் ஊற்றி எரிக்கும்போது ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும், அடைத்த அறையில் தூங்கப் போகாதீர்கள், கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

கூடவே பேட்டரி உள்ளே வைத்த இன்வெர்ட்டர் பல்பு இரண்டை வழக்கமான ஹோல்டர்களில் போட்டு வையுங்கள். கரண்ட் போனதும் தானே எரியும், சில மணி நேரம் தாங்கும். ஆனால் அதன் ஸ்விட்ச் போட்டபடி இருந்தால்தான் சார்ஜ் ஏறும், இது தெரியாமல் பலர் அணைத்தே வைத்துவிட்டுப் புயல் நாளில் பல்பைத் திட்டுகிறார்கள்.

வார்ம் லைட், டேபிள் லேம்ப் என்று நீங்கள் எழுதுவதைப் படித்து வீட்டையே மாற்றினேன். மாமியார் ஒரே கோபம், இருட்டில் உட்கார வைத்துவிட்டாய் என்கிறார். எப்படிச் சமாளிப்பது?
– வாசகி, வில்லியனூர்

மாமியார் சொல்வது சரி. வயதாக ஆகக் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்கு இதமாக இருப்பது அவருக்கு நிஜமாகவே இருட்டு.

அதற்காகப் பழைய டியூப் லைட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. நிறத்தை அப்படியே வைத்து அளவைக் கூட்டுங்கள், ஏனென்றால் மஞ்சள் என்றால் மங்கல் என்று கிடையாது, 3000 கெல்வினிலும் 15 வாட், 20 வாட் கிடைக்கிறது. அவர் உட்காருகிற நாற்காலிக்குப் பின்னால், தோளுக்குப் பக்கமாக, பேப்பர் மேல் விழுகிற மாதிரி நல்ல ஷேடு போட்ட ஃப்ளோர் லேம்ப் ஒன்று, ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில். கூச்சமும் அவர்களுக்கு அதிகம், அதனால் மூடாத பல்பு எங்கும் வேண்டாம். பூஜை அறையிலும் சமையலறை மேடையிலும் அவர் கேட்கிற அளவு வெளிச்சம் கொடுத்துவிடுங்கள், அந்த இடங்களில் உங்கள் ரசனையை நுழைக்காதீர்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் போகிற வழியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஆள் நடந்தால் எரிகிற சென்சார் விளக்கு இரண்டு ஒட்டுங்கள். ஜீரோ வாட் பல்பு வேண்டுமென்றால் எல்.இ.டி.யில் அரை வாட் ரகமாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், பழைய ஜீரோ வாட் பெயருக்குத்தான் ஜீரோ, உண்மையில் 12, 15 வாட் இழுக்கும்.